பதிவுக்கு முன் ஆறு மாதம்: வன்னியில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் தொடங்கும் முறை

ஊரார் கூடிச் சேமித்து, அதிலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுக்கும் சிக்கன கடனுதவு சங்கம் ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது படிவம் எங்கே எடுப்பது என்றுதான். படிவம் கடைசி வேலை. ஒரு ஊரில் நாற்பது பேர் ஆறு மாதம் தவறாமல் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடி ஆளுக்கு ஐந்நூறு ரூபா கட்டிக் காட்டினால், பதிவு தானாக வரும். கட்ட முடியாத ஊரில் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

இலங்கையில் கடன் கூட்டுறவுக்குச் சட்டம் வந்தது 1911இல். இன்று நடைமுறையில் உள்ளது 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் அதன் திருத்தங்களும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் பின் கூட்டுறவு மாகாண விடயமாகிவிட்டதால், வன்னியில் இருப்பவர்கள் போக வேண்டியது வட மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்திடம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் உதவி ஆணையாளர் இருப்பார். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தர் அவருக்குக் கீழே வேலை செய்பவர். முதல் கூட்டத்துக்கே அவரைக் கூப்பிடுங்கள். முடிந்த வேலையைக் காட்டிக் கையெழுத்துக் கேட்பதைவிட, தொடக்கத்திலேயே அவர் பார்த்துக்கொண்டிருந்தால் அறிக்கை எழுதுவது அவருக்கும் இலகு.

பழைய சங்கம் இருக்கிறதா?

வன்னியில் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். 2008, 2009 இடப்பெயர்வில் ஊரோடு சங்கங்களும் சிதறின. அங்கத்தவர் பெயர் எழுதிய இடாப்பும் கணக்கு எழுதிய பேரேடும் தொலைந்தன. ஆனால் பதிவு இரத்துச் செய்யப்படாத சங்கம் திணைக்களப் பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். அதே பிரிவில் அதே நோக்கத்துக்கு இன்னொரு சங்கம் கேட்டால், முன்னதற்கு என்ன ஆனது என்ற கேள்வி கட்டாயம் வரும். உதவி ஆணையாளர் அலுவலகத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். இருந்தால், புதிதாகத் தொடங்குவதைவிட அதையே மீள இயங்கச் செய்வது நல்லதா என்று உத்தியோகத்தரோடு இருந்து பாருங்கள். பழைய வங்கி மீதியும் இலாபத்திலிருந்து ஒதுக்கிவைத்த ஒதுக்கு நிதியும் எங்காவது கிடக்கலாம். கூடவே பழைய கடன்களும், "என்ர காசு எங்க?" என்று கேட்கும் பழைய அங்கத்தவர்களும் வருவார்கள். அவர்களுக்குச் சொல்லப் பதில் இல்லாவிட்டால், பழையதைக் கலைத்து முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

யார் யார், எத்தனை பேர்

சட்டம் கேட்பது 18 வயது கடந்த, அந்தப் பிரதேசத்தில் வசிக்கும் அல்லது காணி உள்ள பத்துப் பேர். பத்துப் பேரோடு சங்கம் ஓடாது. இரண்டு குடும்பத்தில் வருத்தம் வந்து சேமிப்பை எடுத்தால் பெட்டி காலி. முப்பத்தைந்து முதல் ஐம்பது பேர் என்பது நல்ல தொடக்கம். நூறைத் தாண்டினால் முதல் வருடத்தில் ஆளை ஆள் தெரியாது. கடனுக்கு ஒருவருக்கு மற்றவர் நிற்கும் பிணைக்கு அர்த்தம் இராது.

எல்லையை ஒரு கிராம அலுவலர் பிரிவோடு நிறுத்துங்கள். கூட்டத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ வரக்கூடிய தூரம் என்பதுதான் கணக்கு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ ஏற்கெனவே கூடிப் பழகியவர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அந்த அமைப்பின் தலைவரே இங்கும் தலைவராவதைத் தவிருங்கள். ஓர் ஊரில் ஒருவர் நான்கு சங்கத்தின் முத்திரையைப் பையில் கொண்டு திரிவது நாம் காணாததல்ல.

சேரும்போதே ஒவ்வொருவரிடமும் மூன்று விடயம் கேட்டு எழுதுங்கள்: வேறு கடன் சங்கத்தில் அங்கத்தவரா, நுண்கடன் நிறுவனங்களுக்குக் கிழமைக்கு எவ்வளவு கட்டுகிறார், வீட்டுக்குக் காசு எந்த மாதங்களில் வருகிறது. மூன்றாவது கேள்விக்கான பதில்தான் பிறகு உங்கள் கடன் திட்டம் முழுவதையும் தீர்மானிக்கப் போகிறது.

ஆறு மாதச் சேமிப்பு

முதற்கூட்டத்தில் ஐந்து பேர் கொண்ட ஒரு தற்காலிகக் குழுவைத் தெரியுங்கள். பதிவில்லாத சங்கத்தின் பெயரில் வங்கி கணக்குத் திறப்பது சிரமம். ஆகவே மூவர் பெயரில் கூட்டுக் கணக்கொன்றைத் திறந்து, இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். அந்த மூவரும் உறவினராக இருக்கக் கூடாது. "இந்தக் கணக்கிலுள்ள பணம் பின்வரும் நாற்பது பேருக்குரியது" என்று கூட்டறிக்கைப் புத்தகத்தில் பெயர் பெயராக எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். மூவரில் ஒருவர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ உங்களைக் காப்பாற்றுவது அந்தப் பக்கம்தான்.

தொகை ஊரின் மிக ஏழை வீட்டுக்குக் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வசதியுள்ளவர் கூடக் கட்டலாம், அது விருப்பச் சேமிப்பு. கட்டாயச் சேமிப்பு மாதம் 500, நுழைவுக் கட்டணம் 100, பங்கு ஒன்று 100 ரூபாப்படி ஆளுக்குப் பத்துப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேருக்கு ஆறு மாதத்தில்:

நுழைவுக் கட்டணம் 4,000
பங்குப் பணம் 40,000
சேமிப்பு 1,20,000

நுழைவுக் கட்டணம் புத்தகங்களுக்கும் முத்திரைக்கும் போய்விடும். மிச்சம் ஒரு இலட்சத்து அறுபதாயிரம்.

கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் வையுங்கள். இது சின்ன விடயம்போலத் தெரியும். வெள்ளி பின்னேரம் கூட்டம் வைத்தால் இருபதாயிரம் ரூபா மூன்று இரவு ஒருவரின் அலுமாரிக்குள் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதிலிருந்து இரண்டாயிரம் எடுப்பார், திங்கள் வைத்துவிடுவோம் என்ற நல்ல எண்ணத்தோடுதான். பெரிய மோசடிகள் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன. ஞாயிறு கூடினால் திங்கள் காலை வங்கிக்குப் போகலாம். திங்கள் போயா என்றால் கூட்டத்தை ஒரு நாள் தள்ளுங்கள். துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கம் வங்கிக்கு நெடுந்தூரம் போக வேண்டிய ஊர்களில் இது இன்னும் முக்கியம். வங்கிக்குப் போவது எப்போதும் இரண்டு பேர். வைப்புச் சீட்டு அடுத்த கூட்டத்தில் எல்லோர் கையிலும் சுற்றி வர வேண்டும்.

இந்த ஆறு மாதத்துக்குள் கடன் கொடுக்காதீர்கள். அவசரம் என்று கண்ணீரோடு வருவார்கள், வரத்தான் செய்வார்கள். பதிவில்லாத குழு கொடுத்த கடனை அறவிடக் கூட்டுறவுச் சட்டம் கைகொடுக்காது. முதற் கடனே திரும்பாமல் போனால் மற்ற முப்பத்தொன்பது பேரும் அடுத்த மாதச் சேமிப்பைக் கட்ட மாட்டார்கள். அங்கத்தவர் அல்லாதவரிடம் வைப்புப் பணம் வாங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள். அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்பு ஏற்பது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின்படி குற்றம்.

உபவிதி: வெற்றிடங்களில்தான் விடயம்

சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் விதிகள்தான் உபவிதி. திணைக்களத்தில் அதன் மாதிரி தமிழிலேயே கிடைக்கும். அதை அப்படியே போட்டோப் பிரதி எடுத்துக் கையொப்பமிடுவது வழக்கம். அதில் வெற்றிடமாக விட்டிருக்கும் இடங்களை நிரப்பும் கூட்டத்துக்கு ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்குங்கள்.

பெயரில் ஊர்ப் பெயரும் "சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம்" என்பதும் வரும். பொறுப்பு வரையறுத்ததா வரையறையற்றதா என்பதை எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லுங்கள். வரையறுத்தது என்றால் சங்கம் முறிந்தால் பங்கு அளவுக்கு மட்டும் இழப்பு. வரையறையற்றது என்றால் சங்கத்தின் கடனுக்கு அங்கத்தவரின் சொத்தும் பதில் சொல்லும்.

ஒருவரே முழுப் பங்கையும் வாங்கிச் சங்கத்தைத் தன்னுடையதாக்க முடியாது. தனியொருவர் பங்கு மூலதனத்தில் ஐந்திலொன்றுக்கு மேல் வைத்திருக்கச் சட்டம் இடங்கொடுக்காது. எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு.

பணிப்பாளர் சபைக்கு ஏழு பேர் போதும். அவர்களுக்குச் சம்பளம் இல்லை என்று எழுதுங்கள். ஒருவர் தொடர்ந்து எத்தனை வருடம் அதே பதவியில் இருக்கலாம் என்பதையும் எழுதுங்கள். பொருளாளருக்கு மூன்று வருடத்துக்கு மேல் வேண்டாம். கணவன் மனைவி, சகோதரர் ஒரே சபையில் இருக்கலாமா என்பதை இப்போதே முடிவு செய்யாவிட்டால் பிறகு அது தனிப்பட்ட சண்டையாக மாறும்.

கடன் உச்ச எல்லையைத் தொகையாக எழுதாதீர்கள், சேமிப்பின் மடங்காக எழுதுங்கள். தொகை இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். உபவிதியைத் திருத்த மறுபடி பொதுக்கூட்டம், மறுபடி பதிவாளர் (கூட்டுறவு ஆணையாளர்தான் சங்கங்களின் பதிவாளரும்). பங்கும் சேமிப்பும் சேர்ந்த தொகையின் மூன்று மடங்கு என்பது தாங்கக்கூடிய அளவு. முதல் வருடத்துக்கு இரண்டு மடங்கோடு நிறுத்துங்கள்.

ஒவ்வோர் அங்கத்தவரும் தனக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரத்தை ஆரம்பத்திலேயே நிரப்புங்கள். கணவன் காணாமற்போன வீடுகளில் இந்தக் கேள்வியை எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டாம். தனியே இருந்து எழுதுங்கள்.

விண்ணப்பம்

அங்குரார்ப்பணக் கூட்டத்துக்கு உத்தியோகத்தர் வர வேண்டும். சங்கம் அமைப்பதென்ற தீர்மானம், உபவிதியை ஏற்கும் தீர்மானம், சபைத் தெரிவு ஆகிய மூன்றும் முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பெயரோடு கூட்டறிக்கையில் இருக்க வேண்டும். அதன் பிறகு கோவையில் வைக்க வேண்டியவை: குறித்த படிவத்தில் விண்ணப்பம், கையொப்பமிட்ட உபவிதிப் பிரதிகள், கூட்டறிக்கைப் பிரதி, அடையாள அட்டை இலக்கத்தோடு அங்கத்தவர் பட்டியல், ஆறு மாதச் சேமிப்புக் கணக்கு, வங்கிப் புத்தகப் பிரதி, ஒரு வருட வருமானச் செலவு மதிப்பீடு. உபவிதிப் பிரதி எத்தனை தேவை என்று கேட்டு, அதைவிட ஒன்று கூட எடுத்து உங்களிடம் வையுங்கள்.

இங்கே திரும்பி வரும் கோவைகள் பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால் வருகின்றன. அடையாள அட்டையில் ஒரு பெயர், பட்டியலில் வீட்டுப் பெயர். கையொப்பம் ஒரு பக்கத்தில் தமிழில், மறு பக்கத்தில் ஆங்கிலத்தில். திருமணத்துக்கு முந்திய முகவரி. பட்டியலை எழுதியவரல்லாத இன்னொருவர் அட்டைகளைக் கையில் வைத்து வரி வரியாகச் சரிபார்த்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சம்.

மதிப்பீட்டில் உண்மையை எழுதுங்கள். முதல் வருடத்தில் சராசரியாக இரண்டு இலட்சம் கடனில் நின்று, வருட வட்டி 18 வீதம் என்றால் வருமானம் 36,000. சராசரி இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் சேமிப்புக்கு 6 வீதம் கொடுத்தால் 14,400 போகும். புத்தகம், பயணம், கூட்டச் செலவு 9,600. மிச்சம் 12,000. அதாவது மாதம் ஆயிரம் ரூபா. இதில் முகாமையாளருக்குச் சம்பளமும் மேசை கதிரையும் கட்டட வாடகையும் எழுதிய மதிப்பீட்டைப் பார்த்தால் உத்தியோகத்தருக்குச் சிரிப்புத்தான் வரும். பொது நோக்கு மண்டபமோ முன்பள்ளியோ போதும். தேறிய இலாபத்தில் நான்கிலொன்று, இங்கே 3,000, ஒதுக்கு நிதிக்குப் போயே ஆக வேண்டும். அதன் பின்தான் பங்கிலாபப் பேச்சு.

பதிவுச் சான்றிதழ் கிடைத்ததும் சங்கம் சட்டப்படி தனி ஆளாகிறது: சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், அதன் மீதும் போடலாம். சான்றிதழ், உபவிதி, சபைத் தீர்மானம் மூன்றோடு வங்கிக்குப் போய்ச் சங்கப் பெயரில் கணக்குத் திறந்து, கூட்டுக் கணக்கிலிருந்த முழுத் தொகையையும் அதே நாளில் மாற்றி, பழையதை மூடிவிடுங்கள். மூடிய கடிதம் கோவைக்குள்.

கடன்: வயலும் கடலும் சொல்லும் தவணை

ஊரில் நுண்கடன் நிறுவனங்கள் ஏன் இத்தனை வீட்டைத் தின்றன என்று யோசித்தால் சங்கம் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பது விளங்கும். வயல்காரனுக்கு வருடத்தில் ஒரு முறை, குளத்துத் தண்ணீர் கிடைத்தால் இரண்டு முறை காசு வரும். அவனிடம் கிழமைக்குக் கிழமை தவணை கேட்டால், அதைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பான். பிழை கடன் கொடுத்ததில் மட்டுமல்ல, தவணையிலும் இருந்தது.

காலபோகத்துக்கு ஐப்பசியில் கொடுக்கும் கடனின் முதலை அறுவடைக்குப் பின் ஒரே தடவையில் கட்ட விடுங்கள். வட்டியை மட்டும் மாதாமாதம் வாங்குங்கள். அது ஆளைக் கூட்டத்துக்கு வர வைக்கும். 20,000 ரூபாவுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றரைப்படி 300, ஆறு மாதத்துக்கு 1,800. கடைசித் திகதியை அரிவு வெட்டும் கிழமையில் வைக்காதீர்கள். எல்லோரும் ஒன்றாக வெட்டும் நேரம் நெல் விலை விழும். ஈர நெல்லைக் களத்திலேயே வந்த விலைக்குத் தள்ளுவார்கள். காயவைத்து விற்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் இடம் கொடுங்கள். ஒரு ஏக்கர் செலவு முழுவதையும் சின்னச் சங்கம் தாங்காது. உழவுக்கோ உரத்துக்கோ என்று குறித்தே கொடுங்கள்.

சிறுபோகக் கடனைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் முடியுமுன் அங்கீகரிக்க வேண்டாம். இரணைமடுக் குளத்தின் கீழ் அந்த வருடம் எத்தனை ஏக்கர், யாருக்கு என்று முடிவாகாத நிலையில் கொடுத்த காசு வயலுக்குப் போகாது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கணக்கு வேறு: வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்குத் தவணையைக் குறைத்து, கடல் படுத்த மாதங்களுக்குக் கூட்டுங்கள். பால் கொடுக்கும் வீட்டுக்கும் கடை வைத்திருப்பவருக்கும் மாதத் தவணை பொருந்தும்.

வட்டியை எப்போதும் குறைந்து செல்லும் மீதியில் கணக்கிடுங்கள். 20,000 ரூபாவைப் பத்து மாதத்தில் 2,000 வீதம் கட்டினால் முதல் மாத வட்டி 300, அடுத்தது 270, கடைசி 30. மொத்தம் 1,650. அதே ஒன்றரை வீதத்தை முழுத் தொகைக்கும் பத்து மாதமும் போட்டால் 3,000. சொல்லும் வீதம் ஒன்று, பறிபோவது ஏறக்குறைய இரு மடங்கு. இந்தக் கணக்கை ஒரு கூட்டத்தில் கரும்பலகையில் செய்து காட்டுங்கள். வெளியில் எடுத்த கடனின் அட்டையைப் பலர் அன்றுதான் திருப்பிப் பார்ப்பார்கள்.

கையிருப்பில் ஐந்திலொன்றைத் தொடாமல் வங்கியில் வையுங்கள். யாராவது சேமிப்பை எடுக்க வரும் அன்று "காசில்லை, பிறகு வாங்கோ" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்த கிழமை பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள்.

பிணைக்கு இரண்டு அங்கத்தவர், கடனாளியின் வீட்டைச் சேராதவர்கள். ஒருவர் இரண்டு பேருக்கு மேல் பிணை நிற்கக் கூடாது. நான் உனக்கு, நீ எனக்கு என்ற மாற்றுப் பிணையை மறுத்துவிடுங்கள். ஒருவர் விழுந்தால் இருவரும் விழுவார்கள். காணிப் பத்திரத்தை வாங்கிப் பெட்டிக்குள் பூட்டுவதில் பெரிய பயன் இல்லை. பத்திரம் கணவன் பெயரிலோ தகப்பன் பெயரிலோ கிடக்கும் பெண்களுக்குக் கதவை அடைப்பதுதான் மிச்சம்.

நுண்கடனை அடைக்கச் சங்கக் கடன் கேட்பவர்களை முற்றாக மறுக்க வேண்டாம், வரிசையில் விடுங்கள். எல்லாக் கடனையும் எழுதித் தர வேண்டும். மாதத்துக்கு ஒருவர் அல்லது இருவர். அடைக்கும் காசைக் கையில் கொடுக்காமல் சபையில் ஒருவர் கூடப்போய்க் கட்டி, கணக்கு முடிந்த கடிதத்தை வாங்கி வர வேண்டும். பாதிக் கடனை அடைத்தால் அவர் மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் கட்ட வேண்டியவராவார்.

தொண்டு நிறுவனம் சுழல்நிதி (திரும்பி வரும் காசை மறுபடி கடனாகக் கொடுக்கும் நிதி) தருவதாக வந்தால் வேறு கணக்கில், வேறு பேரேட்டில் வையுங்கள். வெளிக் காசு என்று தெரிந்த கடன் திரும்புவது குறைவு; அந்தப் பழக்கம் ஊர்க் காசுக்கும் தொற்றும்.

தவணை தவறினால்

முதல் மாதமே இருவர் வீட்டுக்குப் போக வேண்டும், சண்டைக்கல்ல, காரணம் அறிய. இரண்டாம் மாதம் பிணையாளிகளுக்குக் கடிதம். மூன்றாம் மாதம் மூவருக்கும் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைக் கோவையில் வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சட்டத்தின் 58ஆம் பிரிவின் கீழ் பிணக்காகப் பதிவாளருக்கு அனுப்பலாம்; நடுத்தீர்ப்பு கிடைத்தால் அதை நீதிமன்றம் மூலம் நிறைவேற்ற வழி உண்டு. கடன் விண்ணப்பம், சபை அங்கீகரித்த கூட்டறிக்கை, கடன் முறி, பேரேட்டுப் பிரதி நான்கும் ஒத்திருந்தால்தான் பிணக்கு நிற்கும். நெல் பழுதான வருடத்தில் மட்டும் இந்த வரிசையை நிறுத்திவைத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரித் தவணையை நீட்டிச் சபையில் தீர்மானம் எழுதுங்கள். ஆளுக்கொரு சலுகை கொடுத்தால் அடுத்த போகத்தில் ஒருவரும் கட்டார்.

புத்தகங்கள்

அங்கத்தவர் இடாப்பு, காசேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, பொதுப் பேரேடு, கூட்டறிக்கைப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகம், செலவு உறுதிச்சீட்டுக் கோவை. பற்றுச்சீட்டு அச்சிட்ட தொடர் இலக்கத்தோடு இருக்க வேண்டும். பழுதான தாளைக் கிழிக்காமல் குறுக்கே கோடிட்டு அதிலேயே விடுங்கள். பிழையை வெள்ளை மையால் மறைக்காமல், வாசிக்கக்கூடியதாக ஒரு கோட்டால் வெட்டிப் பக்கத்தில் சுருக்கொப்பம். பெட்டியில் இருக்கக்கூடிய காசுக்கு உச்சம் 5,000 என்று தீர்மானம் எடுத்து, சாவி ஒருவரிடம், பெட்டி இன்னொருவரிடம் இருக்கட்டும்.

காசேடு சரியாக இருந்தும் சங்கம் களவு போகும் இடம் ஒன்று உண்டு. அங்கத்தவரின் கையிலுள்ள புத்தகத்தில் 500 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பேரேட்டில் ஒன்றும் எழுதாமல் விடுவது. கணக்காய்வாளர் பார்ப்பது சங்கத்தின் புத்தகத்தைத்தான். உங்கள் புத்தகம் வீட்டு லாச்சிக்குள் கிடக்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்டத்தில் எல்லோருடைய மீதியையும் பேரேட்டிலிருந்து உரத்து வாசியுங்கள்; ஒவ்வொருவரும் தன் புத்தகத்தை விரித்துப் பார்க்கட்டும். நாற்பது பேருக்குக் கால் மணித்தியாலம் போதும். வராதவர்களின் புத்தகங்களை அந்தக் கிழமைக்குள் பொருளாளர் அல்லாத ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

நிதியாண்டு முடிந்ததும் பரீட்சை மீதி, இலாப நட்டக் கணக்கு, ஐந்தொகை தயாரித்துக் கணக்காய்வுக்கு ஒப்படையுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்காய்வு அறிக்கையை வாசித்த பின்பே தேர்தல். இத்தகைய சங்கங்களின் கூட்டமைப்பான மாவட்டச் சமாசத்தில் சேர்வதை அந்தக் கூட்டத்தில் முடிவு செய்யலாம். பொருளாளர் மாறினால் பெட்டிக் காசை எண்ணி, வங்கி மீதியைப் பார்த்து, புத்தகங்களைப் பெயர் பெயராகப் பட்டியலிட்டு, பழையவரும் புதியவரும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட்ட பின் சாவியைக் கைமாற்றுங்கள். மறுநாளே வங்கிக்குப் போய்க் கையொப்ப மாதிரியையும் மாற்றிவிடுங்கள்.